ராணி எந்தக் கையில்

இல்லை, விட்டுக்கொடுக்கவில்லை.

விழுப்புரம் நில அளவை அலுவலகத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் கோதண்டம் சார் அப்படித்தான் சொன்னார். அந்தச் சீட்டாட்டத்தில் கையிலிருந்த வெற்றியை ராஜமதி அம்மா எங்களுக்கு விட்டுக்கொடுத்தார், அப்படிப்பட்ட மனம் என்றார். கூட்டம் தலையசைத்தது. அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அது உண்மை அல்ல. வெளியே வந்ததும் நான்கைந்து பேர் என்னிடம் கேட்டார்கள், கலை, நீதானே அன்றைக்குக் கூட ஆடியவள், நிஜமாகவே விட்டுக்கொடுத்தாரா என்று. அவர்களுக்கும், அவரோடு ஒரே அறையில் வரைபடம் வரைந்தவர்களுக்கும், ஐந்து இருபது பாசஞ்சரில் அவரைத் தினமும் பார்த்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

செய்தி எனக்குத் தொலைபேசியில் வந்தது. சென்னையில் நான் தங்கியிருக்கும் விடுதியில் வார்டன் அறையில் மட்டும்தான் தொலைபேசி. பேசியவர் பாஷா பாய். திண்டிவனம்காரர், விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர்.

"டீச்சர், ராஜமதியக்கா போயிட்டாங்க."

மஞ்சள் காமாலை. பத்து நாள். முப்பத்து நான்கு வயது.

"எப்ப பாய்?"

"காலையில. வெடிஞ்சி கொஞ்ச நேரத்துக்கெல்லாம்."

எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ஏதாவது சாப்பிட்டாரா என்று கேட்டேன். வார்டன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாஷா பாய்க்கு அந்தக் கேள்வி வினோதமாகப் படவில்லை.

"கஞ்சி, ரெண்டு ஸ்பூன். பொழுது கீதான்னு கேட்டாங்க. ஜன்னல தொறந்து காட்னேன். அப்பறம்தான் வாயத் தொறந்தாங்க."

ராஜமதி மேல்சித்தாமூர் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பெண். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. திண்டிவனத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு, விழுப்புரத்தில் வரைவாளராக வேலை பார்த்தார். நான் அப்போது விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியை. இருவரும் திண்டிவனத்திலிருந்து போய்வந்தோம். முதலில் மகளிர் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் போனோம். நான் புத்தகம் வைத்திருப்பேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அது பிடித்திருந்தது.

பிரிட்ஜ் ஆட்டத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்கு அவரைவிட ஏழு வயது குறைவு. பல்கலைக்கழக விடுதியில் இரண்டு வருடம் ஆடியிருந்தேன். அடுத்த பெட்டியில் நீதிமன்ற எழுத்தர் கோதண்டம் சாரும் பாஷா பாயும் ஆளுக்கு ஆள் பிடித்து ஆடுவதைப் பார்த்து எனக்குக் கை அரித்தது. தனியாகப் போய் உட்காரத் தயக்கம். ராஜமதியிடம் கேட்டேன்.

"சீட்டாட்டமா? எங்க வீட்ல சீட்டுன்னு வாயால கூட சொல்ல மாட்டாங்க."

"காசு கிடையாதுக்கா."

"காசில்லாம எதுக்கு ஆடறாங்க?"

"யோசிக்கறதுக்கு."

முண்டியம்பாக்கம் நிலையம் வரும் வரைக்கும் யோசித்தார். பிறகு, "யோசிக்கறதுக்குன்னா வர்றேன்" என்றார்.

தெரியாதவர்களுக்காக: நான்கு பேர், இரண்டு இரண்டாகக் கூட்டு. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. நான்கு பேரும் ஒவ்வொரு சீட்டுப் போட்டால் அது ஒரு பிடி. இத்தனை பிடி எடுப்பேன் என்று கேட்டவர் ஆட வேண்டும். எதிராளி முதல் சீட்டைப் போட்டதும், கேட்டவரின் கூட்டாளி தன் பதின்மூன்று சீட்டையும் திறந்து பரப்பிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். அந்தக் கூட்டாளிக்கு டம்மி என்று பெயர். வாய் திறக்கக் கூடாது. இரண்டு கையையும் கேட்டவரே ஆடுவார். ஆக, ஐம்பத்திரண்டில் இருபத்தாறு அவர் கண் முன்னால் இருக்கிறது. மீதி இருபத்தாறு எங்கே எப்படிப் பிரிந்திருக்கிறது என்று யோசிப்பதுதான் ஆட்டம்.

எல்லோரும் உடனே ஒரு சீட்டை எடுத்துப் போட்டுவிட்டு, பிறகு யோசிப்பார்கள். நானும் அப்படித்தான். ராஜமதி அப்படிச் செய்ததில்லை. ஒரு தடவை கூட இல்லை.

நான் பரப்பிய சீட்டுகளைப் பார்ப்பார். தன் கையைப் பார்ப்பார். பிறகு தன் பதின்மூன்றையும் மடியில் கவிழ்த்து வைத்துவிடுவார். கைப்பையிலிருந்து வரைபடம் நகலெடுக்கும் மெல்லிய தாளில் ஒரு துண்டை எடுத்து, பென்சிலால் இரண்டு வரி எழுதுவார். மடித்து டிபன் டப்பாவுக்கு அடியில் வைப்பார். அப்புறம் டப்பாவைத் திறந்து சாப்பிடுவார். குளிர்காலத்தில் பொழுது சீக்கிரம் போய்விடும், வீடு போய்ச் சாப்பிட முடியாது. அதனால் வண்டியிலேயே சாப்பாடு. எப்போதும் மேற்குப் பக்க ஜன்னல். ஒரு வாய், ஒரு தடவை சூரியன். நாங்கள் மூன்று பேரும் காத்திருப்போம்.

"என்னாம்மா, கோயில்ல பூ கட்டிப் பாக்கறியா?" என்பார் கோதண்டம் சார். "பேரணி வரப்போவுது."

"வரட்டும் சார். அது நிக்கற ஸ்டேஷன்தானே."

மல்லாட்டை விற்கிற அம்மாள் ஒருத்தி எங்கள் பெட்டியில் தினமும் ஏறுவாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சொல்வாள்: "இந்தம்மா ஆடறதப் பாக்கறதுக்கு நெல்லு நட்டுட்டு அறுப்பு வரைக்கும் ஒக்காந்திருக்கலாம்."

"அறுப்பு வந்தா உனுக்கும் ஒரு மூட்டை தர்றேன்" என்பார் ராஜமதி, சாப்பிட்டுக்கொண்டே.

சாப்பிட்டுக் கை துடைத்ததும் ஆடத் தொடங்குவார். அதற்குப் பிறகு நிற்பதே இல்லை. சீட்டு சீட்டாக விழும். ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றை மறுபடி செய்துகாட்டுவது போல இருக்கும். முடிந்ததும் தாளைப் பிரித்துப் பார்ப்பார். பிறகு கிழித்து, மயிலம் வரும்போது ஜன்னல் வழியாக விட்டுவிடுவார்.

ஒரு நாள் அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். மழைக்கு ஒதுங்கத்தான். சாய்ந்த மேசையில் யாருடைய நிலத்துக்கோ ஒரு புலப்படம் விரித்திருந்தது. பென்சில் கோடுகள் மட்டும். மசிப் பேனா பக்கத்தில் கிடந்தது. நான் இருந்த அரை மணி நேரமும் அவர் அதைத் தொடவில்லை. விரலால் ஓர் எல்லைக் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குக் கோட்டின் மேலேயே போய்க்கொண்டிருந்தார். கடைசிக் கல் முதல் கல்லோடு சேர்கிறதா என்று.

"மசி தொட்டா அழிக்க முடியாது. மொத்த கோடும் எங்க போய் முடியுதுன்னு தெரிஞ்சாதான் மொத புள்ளி வெக்கணும்" என்றார்.

நான் அவருக்கு எடுக்கக்கூடிய பிடிகளை எண்ணச் சொல்லிக்கொடுத்திருந்தேன். புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. அவர் இரண்டாவது வாரமே அதைத் திருப்பிவிட்டார். போகப்போகிற பிடிகளை முதலில் எண்ணினார். "வர்றது வந்துடும். போறது எத்தினி, எப்பப் போவுதுன்னு பாரு. போவ வேண்டியது மொதல்லயே போயிடணும், அப்பத்தான் கடைசில கை நம்மகிட்ட இருக்கும்." பின்னால் நல்ல ஆட்டக்காரர்கள் எழுதியதில் இதையே படித்தேன். அவர் எதையும் படித்ததில்லை. ஆறு மாதத்தில் எனக்கு அவரோடு ஆடத் தகுதி உண்டா என்று தோன்ற ஆரம்பித்தது. சொல்லிக்கொடுத்தவளுக்கு வரக்கூடாத எண்ணம். வந்தது.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

திண்டிவனத்தில் ஒரு மனமகிழ் மன்றம். சென்னையில் நடக்கிற இரண்டு நாள் பிரிட்ஜ் போட்டிக்கு அவர்கள் ஒரு ஜோடியை அனுப்புவதாக இருந்தது. கோதண்டம் சார் அங்கே உறுப்பினர். வண்டியில் ஆடுகிற எங்கள் இரண்டு ஜோடிகளில் எது மூன்று மாதத்தில் முன்னால் நிற்கிறதோ அது போகட்டும் என்று செயலாளரைச் சம்மதிக்க வைத்தார். பெண்கள் ஜெயிப்பார்கள் என்று செயலாளர் நினைத்திருக்க மாட்டார். கடைசி நாளன்று இரண்டு ஜோடியும் ஏறக்குறைய சமம்.

ராஜமதிக்குச் சென்னை ஒரு பொருட்டில்லை. எனக்கு அது எல்லாமும். சென்னையில் ஒரு பேராசிரியர் என்னை நேரில் வரச் சொல்லி எழுதியிருந்தார். ஆய்வு மாணவியாகச் சேர ஓர் இடம் இருந்தது. அந்த மாத முடிவுக்குள் போக வேண்டும். அப்பா தனியாக அனுப்ப மாட்டார். முகையூர்ப் பக்கம் நிலம் வைத்துப் பயிர் செய்தவர், சென்னைக்குக் கல்யாணத்துக்கு மட்டும் போய்வந்தவர். ஆனால் மன்றத்தின் கடிதத்தோடு, ராஜமதி துணையோடு என்றால் மறுக்க மாட்டார். இரண்டு நாளில் ஒரு மணி நேரம் எனக்குப் போதும்.

இதை நான் ராஜமதியிடம் சொல்லவில்லை. ஏன் என்று இப்போதும் யோசிக்கிறேன். ஆசையைச் சொல்வது எனக்கு வராது. அவ்வளவுதான்.

விழுப்புரத்தில் ஏறும்போதே மழை. ஜன்னல்களை இறக்கிவிட்டிருந்தோம். விக்கிரவாண்டி தாண்டியபோது கடைசி ஆட்டம். ராஜமதி மேற்கு ஜன்னலோரம். அவருக்கு நேரே எதிர் இருக்கையில், அதே ஜன்னலோரம் கோதண்டம் சார். சார் பக்கத்தில் நான். எனக்கு எதிரே பாஷா பாய். நடுவில் எங்கள் நான்கு பேர் முழங்கால்களின் மேல் சாரின் கைப்பெட்டி.

ராஜமதி துருப்பில்லாமல் ஒன்பது பிடி கேட்டார். எடுத்தால் நாங்கள். ஒன்று குறைந்தாலும் அவர்கள்.

கோதண்டம் சார் ஹார்ட்டினில் முதல் சீட்டைப் போட்டார். நான் என் கையைப் பரப்பினேன். ஆட்டம் முடிந்தபின் இரண்டு கையையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். எட்டு பிடி எந்தச் சந்தேகமும் இல்லாமல் இருந்தது. ஒன்பதாவது டைமண்டில்தான் வர வேண்டும். டைமண்ட் ஏஸும் பத்தும் என்னிடம். ராஜாவும் ஜாக்கியும், பிறகு தெரிந்தது, அவரிடம். எங்களிடம் இல்லாதது ராணி. அது சாரிடம் இருக்கலாம், பாயிடம் இருக்கலாம். யாரிடம் என்று ஊகித்து அதற்கேற்ற பக்கத்திலிருந்து ஆட வேண்டும். சரியாக ஊகித்தால் ராணி நடுவில் மாட்டிக்கொள்ளும். தவறினால் ராணி கடைசியாக விழுந்து பிடியைக் கொண்டுபோய்விடும். இரண்டில் ஒன்று.

ராஜமதி சீட்டைக் கவிழ்த்தார். தாளில் எழுதினார். மடித்து டப்பாவுக்கு அடியில் வைத்தார். டப்பாவைத் திறந்தார்.

பெட்டிக்குள் அரை இருட்டு. மழையில் சூரியன் எங்கே என்று தெரியவில்லை. சாப்பிடலாமா கூடாதா என்று பார்க்க அவர் ஜன்னல் கண்ணாடி பக்கம் திரும்பினார். கோதண்டம் சாருக்குக் கண்பார்வை மட்டு. அவரும் தன் சீட்டுகளை வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார். அந்த நேரத்தில் பெட்டியில் விளக்கு எரிந்தது.

நான் பார்த்தது இவ்வளவுதான்: ராஜமதி கண்ணாடியைப் பார்த்தார். டப்பாவை மூடினார். ஒரு வாயும் சாப்பிடவில்லை. பொழுது போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஆடத் தொடங்கினார். வழக்கத்தைவிட மெதுவாக. ஹார்ட்டினில் இரண்டு பிடிகளைப் போகவிட்டார். மூன்றாவதை ஏஸால் எடுத்தார். மூன்றாவது சுற்றில் பாஷா பாயிடம் ஹார்ட்டின் இல்லை, வேறு இனம் போட்டார். ஆக சாரிடம் ஐந்து ஹார்ட்டின், பாயிடம் இரண்டு. அப்படியென்றால் மற்ற இனங்களில் சாரிடம் எட்டுச் சீட்டுதான், பாயிடம் பதினொன்று. ராணி இருக்க அதிக இடம் பாயின் கையில். நானும் அப்படித்தான் ஆடியிருப்பேன். யோசிக்கத் தெரிந்த யாரும் அப்படித்தான் ஆடுவார்கள்.

மற்ற இனங்களில் எடுக்க வேண்டிய சிலவற்றை எடுத்தார். பிறகு என் கையிலிருந்து சின்ன டைமண்டைக் கேட்டார். பாய் சின்னதைப் போட்டார். ராஜமதியின் கை ஒரு கணம் நின்றது. அது நிற்காத கை. ஜாக்கியைப் போட்டார்.

கோதண்டம் சார் ராணியைப் போட்டார். பிறகு மிச்சமிருந்த இரண்டு ஹார்ட்டினையும்.

ஒரு பிடி குறைவு.

"ராஜமதிம்மாவே தோத்துட்டாங்களே" என்றார் பாஷா பாய், நம்பாமல்.

திண்டிவனத்தில் இறங்கி நனைந்துகொண்டு நடந்தேன். மாத முடிவு வந்தது. போனது. அந்த இடத்தில் வேறு யாரோ சேர்ந்தார்கள். ஊகம் தவறியதற்காக யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் நான் மகளிர் பெட்டிக்குத் திரும்பினேன். கல்லூரித் தேர்வுத் தாள்கள் திருத்த இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பாஷா பாய் திண்டிவனம் நடைமேடையில் பிடித்தார்.

"இன்னா டீச்சர், இன்னும் பேப்பரு திருத்திக்கினே கீறீங்க?"

சிரித்துவைத்தேன்.

"அக்கா மேல கோவம். தெரியுது. ஆனா அடுத்த நாள் காலையில அக்கா சார்கிட்ட போயி இன்னா சொல்லிச்சி தெரியுமா? சார், வெளக்கு எரிஞ்சப்போ உங்க சீட்ட கண்ணாடில பாத்துட்டேன், ராணியும் தெரிஞ்சிது, இனிமே கைய நெஞ்சோட வெச்சிக்கங்கன்னு சொல்லிச்சி. சாரு பேஜாராயிட்டாரு. தானா கண்ல பட்டா வெச்சி ஆடலாம்மா, தப்பே கெடையாது, ஆட்டத்து சட்டத்துலயே எழுதிக்கீதுன்னு சொல்றாரு. அக்கா, தெரியும் சார்னுட்டு போயிடுச்சி."

வண்டி வந்தது. நான் மகளிர் பெட்டியில் ஏறவில்லை.

சாரும் பாயும் அன்று எங்களைத் தனியே விட்டு வேறு பகுதியில் உட்கார்ந்தார்கள். அதற்கு அவர்களுக்கு இங்கே நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

"பாத்தீங்களா?" என்றேன்.

"பாத்தேன்."

"ராணி சார்கிட்டன்னு தெரிஞ்சே ஜாக்கிய போட்டீங்களா?"

"எழுதி வெச்சிட்டனே கலை."

"எழுதினா என்னா? சட்டமே ஒத்துக்குது."

"ஒத்துக்குது. ஆனா நான் யோசிச்சது சரியா தப்பான்னு எனுக்குத் தெரியணும். எட்டிப் பாத்துட்டு ஜெயிச்சா, அது கடைசி வரைக்கும் தெரியாமலே பூடும்."

"தெரிஞ்சிதே. தப்புன்னு."

"தப்பில்ல." கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார். "யோசிச்சது சரி. சீட்டு வேற எடத்துல இருந்துது."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு வாக்கியத்தை எதிர்கொண்டதில்லை. என் கோபம் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறியது. அதனால்தான் அதைச் சொன்னேன். பேராசிரியரின் கடிதம், அப்பா, மாத முடிவு, எல்லாவற்றையும்.

அவர் முகம் மாறியது. விக்கிரவாண்டியிலிருந்து முண்டியம்பாக்கம் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"சொல்லவே இல்லியே நீ."

"சொல்லியிருந்தா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் யாரும் ஒரு சின்னப் பொய் சொல்லி என்னைத் தேற்றியிருப்பார்கள்.

"அப்பவும் ஜாக்கியத்தான் போட்டிருப்பேன்" என்றார். பிறகு, "ஆனா மெட்ராசு அந்த ஒரு சீட்டுலதான் கீதுன்னு உனுக்கு யாரு சொன்னா? வேற வழியே பாக்காம ஒண்ண நம்பிக்கினு ஒக்காந்திருந்திருக்க. நாயித்துக்கெழம வீட்ல அப்பா இருப்பாரா?"

ஞாயிறு நான்கு மணிக்கு வந்தார். அம்மா வெங்காயம் போடாமல் உப்புமா கிளறினாள். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எதற்கு வந்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

"மெட்ராஸ்லலாம் தனியா ஒரு பொண்ண உட முடியாதும்மா" என்றார், ராஜமதி வாயைத் திறப்பதற்குள்.

"உட முடியாதுங்க."

"ஊரு கெட்டுக் கெடக்குது."

"ஆமாங்க. போன மாசம்கூட எங்க ஆபீசுல ஒருத்தரோட பொட்டிய தூக்கிக்கினு போயிட்டான்."

"மாப்பிள்ளை வேற பாத்துக்கினு இருக்கறோம்."

"பாக்கணுங்க. நல்ல எடமா வரணும்."

அப்பா என்னைப் பார்த்தார். ராஜமதியைப் பார்த்தார். அவரிடம் இருந்தது அவ்வளவுதான். எதிர்ப்பே இல்லாமல் எல்லாம் தீர்ந்துவிட்டது. ராஜமதி மேற்கு ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் இரண்டு கையும் கவிழ்ந்திருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. போக வேண்டிய பிடிகள் எல்லாம் போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொன்றாக, முதலிலேயே.

"அப்பறம்?" என்று அப்பாவே கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க. பொண்ணு பாக்க வர்றவங்க இன்னா வேலன்னு கேட்டா இன்னா சொல்றீங்க?"

"காலேஜ்ல டீச்சருன்னு."

"பர்மனென்ட்டான்னு கேப்பாங்க."

அப்பா மேல்துண்டை எடுத்து மடித்தார்.

"படிச்சி முடிச்சா பர்மனென்ட்டு ஆவும். ஹாஸ்டல்ல ஆறு மணிக்கெல்லாம் கதவ சாத்திடறாங்களாம். உங்க வீட்டவிட ஜல்தி."

அப்பா சிரித்துவிட்டார். "நீ இன்னாம்மா, கோர்ட்லயா வேல பாக்கற?"

"நெலம் அளக்கற ஆபீசுங்க."

"அதான பாத்தேன்." எழுந்து வெளியே எட்டிப் பார்த்தார். "சரி சரி. பொழுது போவுது. மொதல்ல சாப்டும்மா."

அடுத்த வருடம் அதே பேராசிரியரிடம் இன்னோர் இடம் காலியானது. நான் தனியாகப் போனேன். சேர்ந்தேன்.

இதனால் அன்றைய ஆட்டத்துக்குப் பரிகாரம் ஆகிவிட்டது என்று அவர் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. அவருக்கு இவை இரண்டு தனித்தனி ஆட்டங்கள். ஒன்றின் நஷ்டத்தை இன்னொன்றில் ஈடு கட்ட அவர் முயன்றதே இல்லை. அந்த ஜாக்கியைப் போட அவருக்கு உரிமை இருந்ததா, அது என் சீட்டும் அல்லவா என்று எனக்குள் ஒரு குரல் இன்னும் கேட்கிறது. அதை அடக்க நான் முயலவில்லை. ஆனால் பார்த்ததைப் பார்க்காததாக்க முடியாது என்று தெரிந்தும், பார்ப்பதற்கு முன் எழுதியதன் பக்கம் நின்ற ஒரு மனம். பெட்டி விளக்கின் கீழ், பசியோடு, எதிராளிகூடக் குற்றம் சொல்லாத ஓர் இடத்தில். அதை நான் மூன்றடி தூரத்திலிருந்து பார்த்தேன். பார்க்கிறேன் என்று தெரியாமலே பார்த்தேன்.

கோதண்டம் சார், அவர் உங்களுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. ஜெயிக்கத்தான் ஆடினார். தன் யோசனையால் ஜெயிக்க ஆடினார். விட்டுக்கொடுத்திருந்தால் கை அந்தக் கணம் நின்றிருக்காது.

நான் சென்னைக்குக் கிளம்பிய அன்று நடைமேடையில் ராஜமதி ஒரு மடித்த தாளைக் கொடுத்தார். வழக்கமாகக் கிழித்துவிடுகிறவர் இதை மட்டும் வைத்திருந்தார். மெல்லிய நகல் தாள். பென்சில். "எட்டு இருக்கு. ஒன்பதாவது டைமண்ட். சார்கிட்ட ஹார்ட்டின் அஞ்சு இருந்தா ராணி பாய்கிட்ட." கீழே வேறொன்றும் இல்லை. மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். என் ஆய்வேட்டின் முதல் வரியை இன்னும் எழுதவில்லை. கோடு எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரங்கல் கூட்டம் முடிந்து மூன்று பேரும் ஐந்து இருபது பாசஞ்சரில் ஏறினோம். மேற்கு ஜன்னலோரம் ராஜமதியின் இடத்தில் யாரும் உட்காரவில்லை. முண்டியம்பாக்கம் தாண்டியதும் கோதண்டம் சார் தன் கைப்பெட்டியை மடியில் வைத்து, சீட்டுக்கட்டை எடுத்தார். ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து நான்கு கையாகப் பிரித்தார். அந்த ஆட்டம். மூன்று வருடம் கழித்தும் ஐம்பத்திரண்டும் அவருக்கு நினைவில் இருந்தன.

"இப்ப நீங்க ஆடுங்க டீச்சரம்மா. ராணி எங்கன்னு தெரியும்ல."

நான் எழுந்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்தேன். ஹார்ட்டினில் இரண்டைப் போகவிட்டேன். மூன்றாவதை எடுத்தேன். மற்றவற்றை எடுத்தேன். எதிர் வரிசையில் சார் பக்கத்தில் காலியாக இருந்த என் பழைய இடத்துக்கு முன்னால் பரப்பியிருந்த சீட்டுகளிலிருந்து சின்ன டைமண்டை எடுத்துப் போட்டேன். பாஷா பாய் சின்னதைப் போட்டார். நான் ஜாக்கியைப் போட்டேன்.

கோதண்டம் சார் ராணியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் போடவில்லை. பிறகு போட்டார்.

"ஒண்ணு கொறைவு" என்றார் பாஷா பாய்.

பேரணி நிலையம் தாண்டியிருந்தது. வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் டிபன் டப்பாவைத் திறந்து, மூன்று பேருக்கும் பங்கு வைத்தேன். மயிலம் வருவதற்குள் சாப்பிட்டு முடித்தோம்.